டெல்லியில் ஜே.ஆர். ஆகப் போகிறவர்களுக்கு: கவுன்சலிங் முதல் பொங்கல் லீவு வரை

நீட் பி.ஜி. அல்லது ஐ.என்.ஐ. செட் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி, டெல்லியில் எம்.டி., எம்.எஸ். சீட் எடுத்து ஜே.ஆர்., அதாவது ஜூனியர் ரெசிடென்ட் ஆகலாமா என்று யோசிக்கும் தமிழ்நாட்டு டாக்டர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாகப் பட்டியல் சாதி, பழங்குடி, ஓ.பி.சி. ஒதுக்கீட்டில் வருகிறவர்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், வீட்டில் முதல் பட்டதாரியாக டாக்டர் ஆனவர்கள். இந்த எல்லாவற்றோடும் டெல்லியில் இன்னொன்று சேர்ந்துகொள்ளும்: அங்கே நீங்கள் ‘மதராசி’. மதுரையா மார்த்தாண்டமா என்றெல்லாம் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

பயமுறுத்த இதை எழுதவில்லை. சஃப்தர்ஜங், லோக் நாயக், ஜி.டி.பி., ராம் மனோகர் லோஹியா போன்ற மருத்துவமனைகளில் மூன்று வருடத்தில் நீங்கள் பார்க்கும் கேஸ்களை வேறு எங்கும் பத்து வருடத்திலும் பார்க்க முடியாது. ஆனால் அந்த மூன்று வருடமும் ஒழுங்காகக் கழிய சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

சாய்ஸ் ஃபில்லிங்குக்கு (கல்லூரி, துறையைத் தேர்ந்து பதிவதற்கு) முன்

முதலில் சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி., பி.சி. முஸ்லிம், அருந்ததியர் உள் ஒதுக்கீடு ஆகிய எதுவும் எம்.சி.சி. என்ற ஒன்றிய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்தும் கவுன்சலிங்கில் கிடையாது. பி.சி., எம்.பி.சி. ஆட்கள் ஒன்றிய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் தங்கள் சமூகத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றிய அரசின் படிவத்தில் ‘நான் கிரீமி லேயர்’ (வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற) சான்று வாங்க வேண்டும். அதுவும் அந்த நிதியாண்டுக்குச் செல்லுபடியாக வேண்டும். கிரீமி லேயர் வரம்பு ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய். அதில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. சத்துணவுப் பணியாளரின் மகனும் ஆசிரியரின் மகளும் இது தெரியாமல் பொதுப்பிரிவில் விண்ணப்பித்துவிட்டு நிற்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். இ-சேவை மையத்தில் ‘பழைய கம்யூனிட்டி சர்டிஃபிகேட்டே போதும்’ என்பார்கள். போதாது.

அடுத்தது துறையைப் பற்றி விசாரிப்பது. அங்கே இப்போது படிக்கும் ஒருவரைப் பிடித்து, ‘டாக்ஸிக்கா சார்?’ என்று கேட்டால் பதில் எப்போதும் ‘மேனேஜபிள்’ என்றுதான் வரும். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: போன வருடம் யாராவது பாதியில் சீட்டை விட்டுப் போனார்களா? ஜே.ஆர். 2 (இரண்டாம் ஆண்டு ஜே.ஆர்.) ஆபரேஷன் தியேட்டரில் என்ன செய்கிறார், ரிட்ராக்டர் பிடிக்கிறாரா, கேஸ் செய்கிறாரா? இறுதித் தேர்வில் கடைசியாகத் தோற்றவர் யார், திரும்ப எழுதியபோது என்ன ஆனது? ரோஸ்டரை (டியூட்டிப் பட்டியலை) யார் போடுகிறார்கள், கன்சல்டன்டா, சீனியர் ரெசிடென்டா, அல்லது ஜே.ஆர். 3-யா? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ரோஸ்டர் யார் கையில் இருக்கிறதோ, அவரிடம்தான் உங்கள் மூன்று வருடமும் இருக்கிறது.

பெட்டி கட்டும்போது

தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் பதிவு இருந்தாலும் டெல்லிப் பதிவையும் கேட்பார்கள். அதற்கு இங்கிருந்து தடையில்லாச் சான்று போக வேண்டும். சீட் உறுதியான அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எதையெல்லாம் கொடுத்தீர்கள் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்தும் சீலும் வாங்காமல் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள்.

ஒன்றிய அரசு மருத்துவமனைகளில் ஜே.ஆர். அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், அதற்கு மேல் படிகள். நல்ல தொகைதான். ஆனால் கணக்குத் திறந்து, பயோமெட்ரிக் ஏறி, முதல் சம்பளம் வர நேரம் எடுக்கும். இரண்டு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கட்டும். ஸ்வெட்டரை இங்கே வாங்க வேண்டாம், திருப்பூர்க்காரராக இருந்தாலும்கூட. டெல்லி ஜனவரிக்கு நம் ஊர் ஸ்வெட்டர் பத்தாது.

வீட்டில் பயப்படுவார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. 2016-இல் ஒருவர், 2018-இல் இன்னொருவர் என்று டெல்லியில் முதுநிலை படித்துக்கொண்டிருந்த திருப்பூர் டாக்டர்கள் இருவர் அங்கேயே இறந்துபோனது தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் பேசப்பட்டது. ‘ஒன்றும் ஆகாது’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பாமல், உங்கள் துறையின் தொலைபேசி எண், கூடப் படிக்கும் ஒருவரின் எண், டெல்லியில் இருக்கும் ஒரு தமிழரின் எண் என்று மூன்றையும் அப்பா அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ரேங்க் என்ன, முழுப் பெயர் என்ன

சேர்ந்த முதல் நாளே யாராவது ‘ரேங்க் கித்னா?’ என்று கேட்பார்கள். சும்மா பேச்சுக்குக் கேட்பவர்களும் உண்டு. பலர் கேட்பது வேறு விஷயத்தை. எம்.சி.சி. வெளியிடும் ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரேங்க், கல்லூரி, துறை, எந்தப் பிரிவில் இடம் கிடைத்தது, மாணவர் எந்தப் பிரிவு எல்லாமே வரிசையாக இருக்கும். நீங்கள் வந்து சேரும் முன்பே சீனியர்கள் அந்த பி.டி.எஃப்.-ஐப் பார்த்திருப்பார்கள். ஆகவே மறைத்துப் பிரயோசனம் இல்லை, விளக்கம் சொல்லவும் தேவையில்லை. ‘லிஸ்ட்டில் இருக்கு சார், பெட் நம்பர் 14-க்கு பொட்டாசியம் 6.1 வந்திருக்கு’ என்று பேச்சை வேலைக்குத் திருப்புங்கள். இரண்டு மூன்று முறை இப்படித் திருப்பினால் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள். விடாமல் கேட்பவர் யார் என்பதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி ‘பூரா நாம்?’. தமிழ்ப் பெயருக்குப் பின்னால் ஒட்டு இல்லாதது அங்கே பலருக்குப் பிடிபடாது. 1929-இல் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னதில் தொடங்கி, நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நின்றுவிட்டோம். வட இந்தியாவில் சர்நேம்தான் முகவரி. படிவத்தில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது. அப்பா பெயரை அதில் போடுங்கள், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போடுங்கள். ஆதாரில் ஒன்று, வங்கியில் ஒன்று, கவுன்சில் பதிவில் ஒன்று என்று இருந்தால் சம்பளம் நிற்கும்.

தங்குமிடம்

ஹாஸ்டலுக்குச் சேர்ந்த அன்றே விண்ணப்பியுங்கள், அறை இல்லை என்று சொன்னாலும் விண்ணப்பத்துக்கு டைரி நம்பர் (அலுவலகப் பதிவு எண்) வாங்குங்கள். வெளியே என்றால் எய்ம்ஸ், சஃப்தர்ஜங் பக்கம் கௌதம் நகர், யூசுஃப் சராய், ஜி.டி.பி. என்றால் தில்ஷாத் கார்டன். முஸ்லிம் நண்பர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: பெயரைக் கேட்டதும் வீடு ‘இப்போதுதான் போயிற்று’ என்று ஆகிவிடுவது உண்டு. தரகரிடம் முதல் போனிலேயே பெயரைச் சொல்லிவிட்டால் அலைச்சல் மிச்சம். கௌரவக் குறைச்சலாகத் தோன்றும், தெரியும். 24 மணி நேர டியூட்டி முடித்துவிட்டு ஆறு வீடு ஏறி இறங்குவது அதைவிடக் கொடுமை.

ஓ.பி.டி. இந்தி

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். இந்தி தெரியாத ஜே.ஆர். 1-க்கு ஓ.பி.டி. (புறநோயாளிப் பிரிவு) கொடுக்க மாட்டார்கள். ஓ.பி.டி. இல்லையென்றால் சாம்பிள் எடுப்பது, ரிப்போர்ட் தூக்குவது, ஃபைல் எழுதுவது என்று ஸ்கட் வொர்க் எனப்படும் எடுபிடி வேலை முழுக்க உங்கள் தலையில் விழும். அப்புறம் ‘இவருக்குக் கிளினிக்கல் வராது’ என்ற பெயரும் வரும். மொழியில் தொடங்குவது பயிற்சியில் முடிவது இப்படித்தான். இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு, நோயாளியிடம் பேசுவது வேறு. புலந்த்ஷெஹரிலிருந்தும் மேவாத்திலிருந்தும் விடிகாலை பஸ் ஏறி வரும் நோயாளிக்கு நம் அரசியல் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

பள்ளிக்கூட இந்தி இங்கே உதவாது. ஸான்ஸ் ஃபூல்னா என்றால் மூச்சு வாங்குகிறது. ஜீ மிச்லானா குமட்டல். பல்கம் சளி. தஸ்த் வயிற்றுப்போக்கு. சுன்ன் என்றால் மரத்துப்போகிறது, ஜலன் என்றால் எரிகிறது, மாஹ்வாரி மாதவிடாய். கஷ்டமான சொல் ‘கப்ராஹட்’. அறுபது வயதுக்காரர் வியர்த்து விறுவிறுத்து வந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு ‘கப்ராஹட் ஹோ ரஹீ ஹை’ என்றால் அது பதற்றமாகவும் இருக்கலாம், படபடப்பாகவும் இருக்கலாம், சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம், ஹார்ட் அட்டாக்காகவும் இருக்கலாம். முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள், மொழிபெயர்ப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதேபோல் ‘கல்’ என்பது நேற்றும்தான் நாளையும்தான். எப்போதிலிருந்து காய்ச்சல், எப்போது மாத்திரை நிறுத்தினீர்கள் என்பதையெல்லாம் கிழமையைச் சொல்லி உறுதிப்படுத்துங்கள்.

யாரிடமும் ‘தும்’ (நீ) வேண்டாம். படம் பார்த்துக் கற்றவர்கள் வாயில் அதுதான் முதலில் வரும். துப்புரவு ஊழியர் முதல் நோயாளியின் மாமியார் வரை எல்லோருக்கும் ‘ஆப்’ (நீங்கள்).

நோயாளியிடம் இந்தி சரி. ரௌண்ட்ஸில் ஆங்கிலத்தில் தொடங்கி, முக்கியமான இடம் வந்ததும் இந்திக்குத் தாவிவிடுவார்கள். முதல் வாரத்திலேயே, சிரித்த முகத்தோடு, ‘சார், இங்கிலீஷில் ஒருமுறை சொல்லுங்கள், ஆர்டர் எழுத வேண்டியது நான்தான்’ என்று கேட்டுவிடுங்கள். மூன்றாம் மாதத்தில் கேட்டால் கேலி செய்வார்கள்.

வார்டில் உங்களுக்கு முதல் துணை நர்ஸுகள். டெல்லி அரசு மருத்துவமனைகளில் மலையாளி சிஸ்டர்கள் நிறைய. நாம் தமிழில் பேச, அவர்கள் மலையாளத்தில் பேச, பாதி வார்டு வேலை இந்தி இல்லாமலேயே ஓடிவிடும். கிடைக்காத வெயினைக் கண்டுபிடிப்பதிலிருந்து எச்.ஓ.டி.யின் (துறைத் தலைவரின்) இன்றைய மூடு வரை அவர்களுக்குத் தெரியாதது இல்லை. மரியாதையாக நடந்துகொள்ளுங்கள், அது போதும்.

எல்லோருக்கும் நடப்பதா, உங்களுக்கு மட்டுமா

ரெசிடென்சியில் எல்லோரும் அடி வாங்குகிறார்கள். 1992-ஆம் ஆண்டின் மத்திய ரெசிடென்சி திட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலக் குழு 2024-இல் வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. காகிதத்தில் 48 இருக்கும்போது 74-ஐக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது என்றால் நிலவரம் புரிந்திருக்கும். ஆக, தூக்கமில்லாமல் இருப்பதும், ரிப்போர்ட் வரவில்லை என்று ரௌண்ட்ஸில் திட்டு வாங்குவதும், சாப்பாடு நாலு மணிக்கு என்பதும் உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. அது சரி என்று சொல்லவில்லை. அதற்கான சண்டை ஆர்.டி.ஏ. (ரெசிடென்ட் டாக்டர்கள் சங்கம்) வழியாக எல்லோரும் சேர்ந்து போடுவது.

பாகுபாடு பெரும்பாலும் வசவாக வராது. வசவாக வந்தால் சாட்சியாவது இருக்கும். அது ரோஸ்டராக வரும், ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) லிஸ்ட்டாக வரும். முந்தைய இரவு வாட்ஸ்அப் குரூப்பில் வரும் லிஸ்ட்டில் உங்கள் பெயருக்கு நேரே எப்போதும் ‘வார்டு’. கேஸ் பிரசன்டேஷன் உங்களுக்கு முந்தின இரவு பதினொரு மணிக்குச் சொல்லப்படும், மற்றவருக்கு ஒரு வாரம் முன்பு. உங்கள் தீசிஸ் தலைப்பு மூன்று முறை திரும்பி வரும், காரணம் எழுதியிருக்காது. டிபார்ட்மென்ட் டின்னருக்குத் தனி குரூப் இருப்பது உங்களுக்குக் கடைசியில்தான் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பம். ‘இதற்கெல்லாமா புகார்?’ என்று கேட்பார்கள். நமக்கே அப்படித்தான் தோன்றும்.

எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் மீதான பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு 2007-இல் அறிக்கை கொடுத்தபோது அதில் இருந்ததும் பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்கள்தான்: ஆசிரியரின் நேரம் யாருக்குக் கிடைக்கிறது, வைவாவில் என்ன கேட்கிறார்கள், ஹாஸ்டலில் யார் யாரோடு தங்க நேர்கிறது.

அதனால் முதல் நாளிலிருந்து கணக்கு எழுதுங்கள். எப்படி என்று ஒரு மாதிரி சொல்கிறேன்:

‘மார்ச். தியேட்டர் நாட்கள் 9. எனக்கு: ஃபர்ஸ்ட் அசிஸ்ட் 0, செகண்ட் அசிஸ்ட் 1, வார்டு 8. உடன் சேர்ந்த இருவருக்கு: ஃபர்ஸ்ட் அசிஸ்ட் 4, 3. 14-ஆம் தேதி சீனியர் ரெசிடென்டிடம் கேட்டேன். பதில்: “அடுத்த மாதம் பார்க்கலாம்.” அருகில் இருந்தவர்: தியேட்டர் சிஸ்டர்.’

இதில் ஆத்திரம் இல்லை, அடைமொழி இல்லை. ‘என்னை ஒதுக்குகிறார்கள்’ என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம். 9-க்கு 0 என்று எழுதினால் அதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். லாக்புக்கில் கையெழுத்தை அந்தந்த வாரமே வாங்குங்கள். குரூப்பில் வரும் ரோஸ்டரை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிற்பாடு அழித்துவிடுவார்கள். நோயாளியின் பெயரோ படமோ உங்கள் குறிப்பில் வரவே கூடாது, அதை வைத்தே உங்களை மாட்டிவிடலாம். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் எதையும் வைக்காதீர்கள்.

இந்தக் கணக்கால் இன்னொரு லாபமும் உண்டு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சில சமயம் உடன் இருப்பவருக்கும் அதே 0-தான் இருக்கும். அப்போது பிரச்சினை துறையுடையது, சாதியுடையது அல்ல, பேச வேண்டிய விதமும் வேறு.

புகார் கொடுப்பது

வரிசையாகப் போங்கள். முதலில் ரோஸ்டர் போடுகிறவரிடம் நேரில், தனியாக, கணக்கைக் காட்டாமல் கேளுங்கள்: ‘அடுத்த மாதம் எனக்கு எத்தனை கேஸ் சார்?’ பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும். தீராவிட்டால் துறையில் நியாயமானவர் என்று பெயரெடுத்த ஒரு ஆசிரியர். எல்லாத் துறையிலும் ஒருவர் இருப்பார்.

அதற்கு மேல் எல்லாமே எழுத்தில். மும்பை நாயர் மருத்துவமனையில் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த மகப்பேறு முதுநிலை மாணவி டாக்டர் பாயல் தட்வி 2019 மே மாதம் இறந்தபோது, சீனியர்களைப் பற்றி முன்பே சொல்லியும் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று குடும்பம் குற்றம் சாட்டியது. இப்படிப்பட்ட நேரத்தில் நிர்வாகம் முதலில் கேட்பது ‘எழுத்தில் எங்கே?’ என்பதைத்தான். வாட்ஸ்அப் செய்தி புகார் ஆகாது. எச்.ஓ.டி.க்கு ஒரு பக்கத்தில் மின்னஞ்சல், டீனுக்கு நகல். தேதி, சம்பவம், என்ன கேட்கிறீர்கள், இவ்வளவுதான். நேரில் கொடுத்தால் நகலில் டைரி நம்பர்.

எந்தக் கதவு யாருக்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சாதி, மதம், நிறம், மொழி, பிறந்த ஊர் ஆகியவற்றை வைத்துச் சீண்டுவது ராகிங் என்று யு.ஜி.சி. விதியிலேயே 2016-இல் சேர்த்திருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரிகளுக்கென்று தேசிய மருத்துவ ஆணையத்தின் ராகிங் தடுப்பு விதிகள் 2021-இல் வந்தன, முதுநிலை மாணவர்களும் அதற்குள் வருவார்கள். ஆகவே ‘மதராசி’, ‘கோட்டா வாலா’ எல்லாம் விளையாட்டுப் பேச்சு என்று தள்ள முடியாது. ராகிங் உதவி எண் 1800-180-5522. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒன்றிய அரசு நிறுவனங்களில் அவர்களின் ஒதுக்கீட்டையும் புகார்களையும் கவனிக்க லைசன் ஆபீசர் என்று ஒருவர் இருப்பார். அவர் யார் என்று சேர்ந்த மாதமே தெரிந்துகொள்ளுங்கள். வெளியே பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்குமான தேசிய ஆணையங்கள், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், உதவி எண் 14566. பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார்க் குழு. சிறுபான்மை மதத்தவர்கள் தேசிய சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் எழுதலாம்.

புகார் கொடுத்தால் பரீட்சையில் கை வைப்பார்களா? எல்லோருக்கும் உள்ள பயம் இது, பொய்யான பயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தில் புகார் பதிவாகியிருந்தால், அதற்குப் பிறகு உங்களைத் தோற்கடிப்பது அவர்களுக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய விஷயம் ஆகிவிடும். இறுதித் தேர்வுக்கு வெளியிலிருந்தும் தேர்வாளர்கள் வருவார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள் தோற்றதும் உண்டு.

உடம்பும் மனசும்

தூக்கம் போனது டியூட்டியாலா, டியூட்டி இல்லாத இரவிலும் போய்விட்டதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் டாக்டரிடம் போகும் நேரம். சொந்த மருத்துவமனை மனநலத் துறையில் கார்டு போட்டால் நாளைக்கே டிபார்ட்மென்டுக்குத் தெரிந்துவிடும் என்று தயங்கினால், தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் என்ற அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. இரவில் யாரோடாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ், 14416. சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும், ரௌண்ட்ஸ் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். அன்றைக்கு வார்டை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

தமிழ் பேச ஆள் வேண்டுமென்றால் ஆர்.கே.புரம் போங்கள், தமிழ்ச் சங்கமும் மலை மந்திர் என்ற முருகன் கோயிலும் அங்கேதான். சங்கத்தில் சேருவதெல்லாம் உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும்: டெல்லித் தமிழர்களிலும் சாதி உண்டு, ‘நீங்க எந்தப் பக்கம்?’ என்று ஆரம்பிப்பவர்கள் அங்கேயும் இருப்பார்கள்.

லீவு

2023-ஆம் ஆண்டு முதுநிலை விதிகளின்படி வருடத்துக்கு 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு, வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. ஓய்வுக்கு முன்னால் ‘பணிச்சூழலுக்கு உட்பட்டு’ என்று இருக்கிறது, பல துறைகளில் ஞாயிற்றுக்கிழமையை அந்த இரண்டு சொல்லே தின்றுவிடும். ஆகவே பேரம்தான் வழி.

பேரத்தில் நம் கை ஓங்கியிருக்கிறது. ஹோலி, தீபாவளி, சட் பூஜைக்கு அவர்கள் எல்லோருக்கும் ஊருக்குப் போக வேண்டும், பொங்கலுக்கு அந்த அவசரம் அவர்களுக்கு இல்லை. செப்டம்பரிலேயே பேசி, தீபாவளி இரவு டியூட்டியை நீங்கள் எடுத்துக்கொண்டு ஜனவரியில் நான்கு நாள் வாங்குங்கள். ரம்ஜான், கிறிஸ்துமஸுக்கும் இதே கணக்கு. தீபாவளி இரவு பட்டாசுத் தீக்காயங்கள் வரும் இரவு, சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள். மாற்றிக்கொண்டதை ரோஸ்டர் போடுகிறவருக்கு அன்றே குரூப்பில் எழுதிவிடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். போகி அன்று சென்ட்ரலில் இறங்க வேண்டுமானால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை நவம்பர் இரண்டாம் வாரத்தில் காலை எட்டு மணிக்குப் போட வேண்டும். ரௌண்ட்ஸ் நேரம் அது, வீட்டில் யாரையாவது போடச் சொல்லுங்கள்.